காலு முன்னால வந்த பிள்ளைக்கு

பாண்டி, அய்யா, சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து உங்கம்மா எழுதுறேன். அந்தப் பக்கம் நீ எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல கணக்கு சொல்லிக் கொடுக்கிற சத்தம் கேக்குது. எந்திரிச்சு வந்து நேர்லயே சொல்லிட்டுப் போயிரலாம். ஆனா நேர்ல பேசினா நம்ம பேச்சு எங்க போய் முடியும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்துவேன், நீ சுவரைப் பார்ப்ப, உங்கப்பா சட்டையை மாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போயிருவாரு. ஞாயித்துக்கிழமை போட்ட சண்டைக்கப்புறம், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, இதைத் தவிர நாம ஒரு வார்த்தை பேசல. அதான் அங்கன்வாடி விட்டு வந்ததும் கை கால் கழுவிட்டு, பேப்பரை எடுத்து வச்சு உக்காந்துட்டேன். படிச்சு முடிச்சு உனக்குச் சரின்னு பட்டுச்சுன்னா, உன் நோய் உள்ள பிள்ளைகளைப் பெத்தவங்க இருக்கிற அந்த வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டுவிடு. யாரோ ஒரு தாய்க்காவது உதவட்டும்.

அவங்களுக்கும் புரியணும்ல, அதனால முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். உன் உடம்புல தசை இருக்க வேண்டிய இடத்துல எலும்பு வளருது. நாலு வயசுல ஆரம்பிச்சு கழுத்து, முதுகு, ரெண்டு தோளு, தாடைன்னு ஒவ்வொரு கதவா சாத்திக்கிட்டே வந்துச்சு. இப்ப இடுப்புக்கு வந்திருச்சு. இடது இடுப்பு வீங்கி, தொட்டா சுடுற மாதிரி இருந்து, வீக்கம் வத்தினப்புறம் பாதிதான் மடங்குது. போன மாசம் டாக்டரம்மா நம்மளை உக்கார வச்சுப் பையச் சொன்னாங்க. வலது இடுப்பும் ஒருநாள் இப்படித்தான் ஆகும், எப்பன்னு சொல்ல முடியாது, ரெண்டும் இறுகிட்டா எந்த நிலையில இறுகுச்சோ அதே நிலைதான் ஆயுசுக்கும்னு. நிக்கிற மாதிரியா, உக்காந்த மாதிரியா, பாதி சாஞ்ச மாதிரியா, முழுசா நம்ம கையில இல்ல, ஆனா எப்படிப் பழக்குறோமோ அதுக்குப் பக்கத்துல கொண்டு போகலாம், அடுத்த தடவை வரும்போது யோசிச்சுட்டு வாங்கன்னாங்க. பெத்த பிள்ளை என்ன வேலைக்குப் போகும், யாரைக் கட்டும்னு ஊரெல்லாம் யோசிக்குது. என் பிள்ளை மிச்ச ஆயுசை நின்னு கழிக்கிறதா உக்காந்து கழிக்கிறதான்னு நான் யோசிக்கிறேன். எந்தத் தாய்க்கும் இந்தக் கேள்வி வரக்கூடாதுடா.

நீ பிறந்ததே காலு முன்னால வந்துதான். தலை வரும்னு பார்த்துக்கிட்டிருந்த நர்சம்மா பதறிப் போய் டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. நானும் நீயும் பிழைச்சதே பெரிய விஷயம்னு எல்லாரும் சாமியைக் கும்பிட்டாங்க. உன் ரெண்டு கால் கட்டைவிரலும் குட்டையா, பக்கத்து விரலைப் பார்த்துச் சாஞ்சு இருந்துச்சு. பார்க்க வந்தவங்க அம்புட்டு பேரும் பார்த்தாங்க. வெளிய வாரப்ப நசுங்கியிருக்கும்னு ஒருத்தர் சொன்னா, ராசியான விரலுன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. உன்னைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டி விட வந்த அம்மா, நீவினா நேராகிரும்னு தினமும் எண்ணெய் வச்சு அந்த விரலை இழுத்து இழுத்து விட்டாங்க. நானும் அந்த விரலுக்குத்தான் முதல் முத்தம் கொடுப்பேன். கோணலா இருந்தாலும் என் பிள்ளை விரலு, அழகாத்தான் இருந்துச்சு.

நம்ம பக்கத்துல ஒரு நம்பிக்கை உண்டு. காலு முன்னால வந்து பிறந்தவங்க காலால நீவி விட்டா சுளுக்கு விட்டுரும்னு. உனக்கு நடக்க வந்த நாள்ல இருந்து பழங்காநத்தத்துல நம்ம தெருவுல யாருக்கு இடுப்புப் பிடிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. முதல் ஆளு எதிர்வீட்டு காதர் அண்ணே. ராத்திரி பகலா ஆட்டோ ஓட்டி ஓட்டி அவருக்கு முதுகு எப்பவும் பிடிச்சே கிடக்கும். நடுவீட்டுல பாயில குப்புறப் படுத்துக்குவாரு, நான் உன் ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்துத் தூக்கிப் பிடிப்பேன், நீ உன் பிஞ்சுக் காலால மேல இருந்து கீழ மூணு தடவை நீவுவ. "விட்டுருச்சுடா மாப்ள" என்று எந்திரிச்சு உக்காந்து உன் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு. அதுக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு ஒரு முறை இருக்கு, அதனால உனக்குக் கடலை மிட்டாயா வந்து குவியும். நீ பெரிய டாக்டர் மாதிரி இடுப்புல கை வச்சுக்கிட்டு அடுத்த ஆளு எங்கன்னு கேப்ப. இந்தத் தெருவுல உன் காலு படாத முதுகே கிடையாது பாண்டி.

நாலு வயசுல மூணு சக்கர சைக்கிள்ல இருந்து விழுந்த. ரெண்டு நாள்ல கழுத்துக்குப் பின்னால கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. சுளுக்கு எடுக்கிற பிள்ளைக்கே சுளுக்கான்னு தெருவே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். ஒரு வைத்தியசாலையில எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சாங்க. நீ அலறுன. வலிச்சாத்தான் கட்டி கரையும்னு சொல்லி உன் கையைப் பிடிச்சுக்கிட்டது நான்தான். கட்டி கரையல, முதுகுல இறங்குச்சு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, அங்க கெட்ட கட்டியா இருக்கலாம், சதையை வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. பண்ணினாங்க. வெட்டின புண்ணு ஆறுறதுக்குள்ள அந்த இடம் பூரா கல்லு மாதிரி ஆயிருச்சு, நீ குனிஞ்சு ஒரு பந்தை எடுக்க முடியல. அப்பத்தான் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து வாயைத் திறந்தாங்க. நான் என் தாய்மாமனைத்தானே கட்டியிருக்கேன், சொந்தத்துல கட்டினதாலதான் பிள்ளை இப்படின்னு. உங்கப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு கப்பலூர் பட்டறைக்கு வேலைக்குப் போயிட்டு வந்தாரு. நான் சும்மா இருக்கிற ஆளா? வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, குடிச்சு முடிச்சதும் வாசலைக் காட்டிட்டேன். ஆனா மனசுக்குள்ள அதை நம்பினேன்டா. உங்கப்பா முகத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்காம ரெண்டு வருசம் போச்சு.

அந்த டாக்டரம்மாகிட்ட போனது உனக்கு ஆறு வயசுல. ஒரு பை நிறைய எக்ஸ்ரேயும் ஸ்கேனும் தூக்கிட்டுப் போனோம். அவங்க பையைத் திறக்கவே இல்ல. உன்கிட்ட பேரு கேட்டாங்க, என்ன பிடிக்கும்னு கேட்டாங்க, அப்புறம் "செருப்பைக் கழட்டு சாமி, உன் காலைப் பார்ப்போம்" என்றாங்க. கட்டைவிரலைப் பார்த்தாங்க. அப்புறம்தான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாங்க, அதுவும் பூவைத் தொடுற மாதிரி. எஃப்.ஓ.பி.ன்னு ஒரு நோய், பல லட்சத்துல ஒரு பிள்ளைக்கு வரும், பிறக்கும்போதே இந்த விரலுதான் அடையாளம், ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினதால வர்றதுன்னாங்க. ரத்தம் எடுத்து அனுப்பி அதையும் உறுதி பண்ணினாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, சொந்தத்துல கட்டினதாலயான்னு. இல்லம்மா, இது உங்ககிட்ட இருந்தும் வரல, அவர்கிட்ட இருந்தும் வரல, பிள்ளை உருவாகும்போதே தானா நடந்ததுன்னாங்க. உங்கப்பா அங்கயே அழுதுட்டாரு. ஒரு ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்தது இல்ல. வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான் நம்ம கதை. தெருவே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்ட காலுல விடை இருந்துச்சு, அதை விட்டுட்டு உன் சதையை வெட்டி உள்ள தேடியிருக்கோம்.

இன்னைக்கும் அங்கன்வாடியில எடை போட வர்ற பிள்ளை ஒவ்வொண்ணோட கால் கட்டைவிரலையும் பார்த்துட்டுத்தான் தராசுல படுக்க வைக்கிறேன். குரூப்புல படிக்கிறவங்களுக்கும் இதான் சொல்லுவேன். பிள்ளைக்கு விரலு இப்படி இருந்து, உடம்புல கட்டி வந்துச்சுன்னா தேய்க்காதீங்க, அழுத்தாதீங்க, வெட்ட விடாதீங்க, முதல்ல விவரம் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காலைக் காட்டுங்க. தடுப்பூசி வேண்டாம்னு நான் சொல்ல வரல, ஊருப் பிள்ளைகளை எல்லாம் ஊசிக்கு இழுத்துட்டு வர்றதே என் வேலைதான். உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்குச் சதைக்குள்ள போகிற ஊசிதான் ஆகாது, எதை எப்படிப் போடணும்னு டாக்டர் சொல்லுவாங்க. பல்லு பிடுங்கப் போனா அங்கயும் முதல்லயே சொல்லிரணும். நாம சொன்னோம், பல்லு டாக்டரு ஒண்ணும் ஆகாதுன்னு ஊசி போட்டாரு, உன் வாயி அதுக்கப்புறம் ஒரு விரலு அளவுக்குத்தான் திறக்குது. வீக்கம் ஆரம்பிச்ச உடனே மாத்திரை, விழாம நடக்கணும், சளி காய்ச்சல் வந்தாக்கூட சாதாரணமா விடக்கூடாது. மருந்தால இதை நிறுத்தி வைக்க முடியுமான்னா, வெளிநாட்டுல என்னென்னவோ பார்த்துக்கிட்டிருக்காங்க, நம்ம கைக்கு இன்னும் வரல. அது வரைக்கும் பிள்ளையைக் காப்பாத்துறதுன்னா, தட்டாம முட்டாம வச்சுக்கிறதுதான்.

அதைத்தான் நான் அளவுக்கு மீறிச் செஞ்சேன். வீட்டு நிலைப்படியைச் செதுக்கி எடுத்தேன், சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடுக்கு உன்னை கிளாஸ்லயே உக்கார வைக்கச் சொன்னேன். காதர் அண்ணே ஒருநாள் முதுகைப் பிடிச்சுக்கிட்டே வந்து பாயை விரிச்சாரு. பிள்ளை காலைத் தொடுற வேலையெல்லாம் இனிமே வேண்டாம்ணே, போங்கன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். பாவம், மனுசன் பாயை அவரே சுருட்டி வச்சுட்டுப் போனாரு. கதவோரமா நின்ன நீ, "என் காலு இனிமே யாருக்கும் வேலை செய்யாதாம்மா?" என்று கேட்ட. நான் போய்ச் சோறு தின்னுடான்னு அதட்டினேன்.

பதினாறு வயசுல அதே காதர் அண்ணே ஆட்டோவுல, என்கிட்ட டியூஷன்னு பொய் சொல்லிட்டு, அலங்காநல்லூருக்குச் சல்லிக்கட்டு பார்க்கப் போன. கூட்டத்துல எவனோ இடிச்சு விழுந்து, வலது தோளு அதோட போச்சு. அந்தத் தெருவே கூடி நிக்க, அவரை நான் வஞ்ச வசவு இருக்கே, இப்ப நினைச்சாலும் நாக்கு கூசுது. அவரு தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாரு. நீ மட்டும் கட்டில்ல படுத்துக்கிட்டு, போனதுக்கு வருத்தம் இல்லம்மா, எல்லாரோட தோளுக்கும் மேல நின்னு பார்த்தேன், உக்காந்திருந்தா ஊருல உள்ள முதுகைத்தான் பார்த்திருப்பேன்னு சொன்ன. அந்தப் பேச்சு என் மனசுல தங்கிப்போச்சு. பின்னால அதுவே எனக்கு எதிரியாச்சு.

ஏன்னா, டாக்டரம்மா கேள்வி கேட்ட அன்னைக்கே நீ நிக்கப் போறேன்னு சொல்லிட்ட. எனக்கு நீ உக்காரணும்னுதான் ஆசை. உக்காந்த மாதிரி இருந்தா சக்கர நாற்காலியில வச்சுக் கோயிலு, குளம்னு கூட்டிட்டுப் போகலாம், கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து பாடம் எடுக்கலாம், நான் எதிர்ல உக்காந்து ஊட்டலாம். மரம் மாதிரி நின்னுக்கிட்டே இருக்கிற பிள்ளைக்கு நான் எப்படிச் சோறு ஊட்டுவேன்? இது அந்தச் சல்லிக்கட்டுல பிடிச்ச வீம்புன்னு நானே முடிவு கட்டிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்கப்பாகிட்ட அளவு சொல்லி, கப்பலூர்ல அவரோட வேலை பார்க்கிறவங்க சேர்ந்து வெல்டிங் வச்சு ஒரு நாற்காலி பண்ணிட்டாங்க. தலைக்கு, இடுப்புக்கு, காலுக்குன்னு தனித்தனியா பஞ்சு மெத்தை, சக்கரம். ஞாயித்துக்கிழமை அது வீட்டுக்கு வந்து இறங்குச்சு. நீ அதைப் பார்த்துட்டு உள்ள போன. நான் விட்டேனா, பின்னாலயே வந்து, "நின்னே சாவேன்னு வீம்பு பிடிச்சா உன்னை யாருடா பார்த்துக்கிறது?" என்று கேட்டேன். சாவுங்கிற சொல்லு என் வாயில எப்படி வந்துச்சுன்னு தெரியல. வந்திருச்சு.

நீ கத்தல. ஒரு விரலு அளவு திறக்கிற உன் வாயால ஒவ்வொரு சொல்லா சொன்ன. "நீ இருக்கிற நாளைக்கு எப்படி இருந்தாலும் ஓடிரும்மா. நீ இல்லாத நாளைக்குத்தான் நான் யோசிக்கிறேன். உக்காந்தா, தூக்கி வைக்க ரெண்டு பேரு வேணும். ரெண்டு பேருக்கு நான் எங்க போவேன்? நின்னா, ஒரு ஆளு போதும்."

எனக்கு அப்பவும் புரியல பாண்டி. கோவம்தான் வந்துச்சு. நான் சாகுறதுக்கு முன்னாலயே கணக்குப் போடுறானேன்னு நினைச்சேன். புரிஞ்சது நேத்துத்தான். அங்கன்வாடியில சுண்ணாம்பு அடிக்கணும்னு சாமானை நகர்த்தச் சொன்னாங்க, ஆயா லீவு. பெஞ்சை ஒத்தை ஆளா அசைக்க முடியல, ரெண்டு முனையிலயும் ஆளு வேணும். ஆனா இரும்பு பீரோவைப் பாரு, இம்புட்டு கனம், அதை நான் ஒருத்தியே லேசா சாய்ச்சு, இந்தக் காலு, அந்தக் காலுன்னு மாத்தி மாத்தி வாசல் வரைக்கும் நடத்திக் கொண்டாந்துட்டேன். கொண்டாந்து நிறுத்தின இடத்துலயே நின்னுட்டேன். நீ சொன்னது இதைத்தான். நிக்கிற உன்னை ஒருத்தர் சாய்ச்சு நடத்திக் கூட்டிட்டுப் போயிரலாம். சுவருல சாஞ்சுக்கிட்டு நீயே கொஞ்சம் நகர்ந்துக்குவ. கணக்கு வாத்தியாருல்ல, போட்டுப் பார்த்திருக்க. வீம்பு உனக்கில்ல, எனக்குத்தான். பீரோ பக்கத்துலயே தரையில உக்காந்து அழுதேன். பிள்ளைங்க டீச்சர் ஏன் அழுறாங்கன்னு சுத்தி நின்னு பார்த்துச்சுங்க.

அழுதுட்டு எந்திரிக்கப் போனப்ப முதுகு பிடிச்சிருச்சு. இது புதுசு இல்ல, உன்னைக் குளிக்க, படுக்கன்னு தூக்கித் தூக்கி ரெண்டு வருசமா இருக்கு. உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் அடுப்படியில பல்லைக் கடிச்சுக்கிட்டு நிமிர்ற சத்தம் உன் கட்டிலு வரைக்கும் கேட்டிருக்கும்னு நேத்துத்தான் உறைச்சுச்சு. நீ போட்ட கணக்குல என் முதுகும் ஒரு எண்ணா இருந்திருக்கு. பெத்த பிள்ளை, தன் உடம்பு எந்த நிலையில உறையணும்னு முடிவு பண்றப்பவும் அம்மா முதுகை நினைச்சிருக்கான். இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்லி அழுறது? என் சாமி, எனக்கு உன்னைப் பெத்ததுல பெருமை இல்லாம இல்ல, ஆனா இந்தப் பெருமை எந்த எதிரிக்கும் வேண்டாம்.

அதனால நில்லு பாண்டி. உன் இஷ்டம் எதுவோ அதையே டாக்டரம்மாகிட்ட சொல்லுவோம். உங்கப்பாகிட்டயும் சொல்லிட்டேன், உன் ரூம்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் சுவரோரமா கம்பி அடிக்க நாளைக்கு அளவு எடுக்கிறாரு. காதர் அண்ணே ஆட்டோவுல நின்ன வாக்குல சாய்ச்சு ஏத்த முடியுமான்னு கேட்டேன், மேல் தார்ப்பாயைக் கழட்டிட்டு வழி பண்றேன்னாரு, பழசு எதையும் மனசுல வைக்காத மனுசன். சோறு நான் ஸ்டூல் மேல ஏறி நின்னு ஊட்டிக்கிறேன். அந்த நாற்காலியை என்ன பண்றதுன்னு கேக்காத. அதுல உக்காந்துதான் இதை எழுதுறேன், முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உன் கிளாஸ் முடிஞ்சதும் இதைக் கொண்டாந்து கொடுத்துட்டு, உன் ரூம் தரையில பாயை விரிச்சுக் குப்புறப் படுத்துக்குவேன். உன் வலது காலு இன்னும் கொஞ்சம் தூக்க வருதுல்ல. அடுத்த வருசம் வருமோ வராதோ, அது யாருக்குத் தெரியும். ஊரு முதுகையெல்லாம் உன்கிட்ட காட்டினேன், என் முதுகை மட்டும் ஒருநாளும் காட்டல. உன் காலு இன்னும் வேலை செய்யுது அய்யா. கட்டில் விளிம்புல நல்லாச் சாஞ்சுக்கிட்டு, மூணு தடவை நீவி விடு. எம்புட்டுத் தூக்க வருதோ அம்புட்டுத் தூக்கு, மிச்சத்துக்கு நான் நகர்ந்து வாரேன்.